"கை வரல அக்கா": போட்டி நாளில் உறைந்துபோன ஒரு குத்துச்சண்டை வீராங்கனை

இந்தப் பெண்ணின் சம்மதத்தோடு எழுதுகிறேன். முழுவதையும் படித்துப் பார்த்து இரண்டு இடங்களைத் திருத்திக் கொடுத்தாள். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றின் வரிசையை மாற்றவில்லை.

பின்னணி

அவளுக்கு அப்போது 18 வயது. பாம்பன் தீவில் ஒரு கடலோரக் கிராமம். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அம்மா பாசி எடுக்கிறவர். கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கடலுக்கடியில் பாறைகளுக்கு நடுவே மூழ்கிப் பாசி பறிக்கிற வேலை அது. மகள் மூன்று ஆண்டுகளாகக் குத்துச்சண்டை பழகிவந்தாள். தினமும் மாலையில் பாலம் தாண்டி, மண்டபம் பக்கத்தில் இருக்கும் பயிற்சிக் கூடத்துக்கு பஸ்ஸில் வருவாள்.

நான் ராமநாதபுரத்தில் உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். வாரத்தில் இரண்டு மாலை அந்தக் கூடத்துக்குப் போய்வருவது வழக்கம். பிப்ரவரியில் ஒரு நாள் மாஸ்டர் அவளை என்னிடம் அழைத்துவந்தார். 14 மாதங்களில் மூன்று போட்டி, மூன்றிலும் முதல் ஆட்டத்திலேயே தோல்வி.

"கூடத்துல பசங்களையே பின்னால தள்ளிக்கிட்டுப் போவா மேடம். போட்டியில ரிங்குல ஏத்துனா கையக் கட்டிப் போட்ட மாதிரி நிக்கிறா. பயம். அந்தப் பயத்த மட்டும் எடுத்து விட்டுருங்க" என்றார்.

ஒரு ஆட்டத்துக்கு மூன்று ரவுண்டு. ரவுண்டுக்கு 3 நிமிடம், நடுவில் 1 நிமிட ஓய்வு. ஐந்து நடுவர்கள் தனித்தனியாக மதிப்பெண் போடுவார்கள். ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9. முதல் ரவுண்டை விட்டுவிட்டால் மீதி இரண்டையும் பிடித்தாக வேண்டும். இவள் மூன்று போட்டியிலும் முதல் ரவுண்டை ஐந்து நடுவர்களிடமும் இழந்திருந்தாள்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை

தலையில் அடிபட்டதன் விளைவாக இருக்குமோ என்றுதான் முதலில் விசாரித்தேன். ஒரு முறைகூட ரெஃப்ரி அவளுடைய ஆட்டத்தை நிறுத்தியதில்லை. தலைவலி, மறதி, தூக்கக் குறைவு எதுவும் இல்லை. அதன்பின் அவள் வாயாலேயே சொல்லச் சொன்னேன்.

"மணி அடிச்சதும் கை வரல அக்கா. அடிக்கணும்னு தெரியுது. ஆனா கை வரல. ரிங்குல ஏறுறதுக்கு முன்னாடியே நெஞ்சு படபடன்னு அடிக்கும். வாய் காஞ்சு போயிரும். கால்ல ஈயக்குண்டக் கட்டுன மாதிரி இருக்கும். அப்பவே தெரிஞ்சிரும், இன்னைக்கும் பயந்துட்டேன்னு."

இதை அப்படியே குறிப்பேட்டில் எழுதி, பக்கத்தில் "உடற்பதற்றம் மிக அதிகம்" என்று குறித்துவைத்தேன். அந்தக் குறிப்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

விளையாட்டு வீரர்களின் சமாளிக்கும் திறனை அறிய 1995-இல் அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட 28 கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. ஏழு பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் உச்சம் 12. நானே தமிழில் சொல்லிக் கேட்டதால் அந்த எண்களைப் பிறரோடு ஒப்பிட முடியாது. அவளோடு அவளையே ஒப்பிட மட்டும் வைத்துக்கொண்டேன். கவலையிலிருந்து விடுபட்டிருத்தல் 2. நெருக்கடியில் சிறப்பாக ஆடுதல் 3. பயிற்சியாளர் சொல்வதை ஏற்றல் 11. அந்த 11-ஐப் பார்த்து, சொன்னதைக் கேட்கிற பிள்ளை, வேலை சுலபம் என்று மகிழ்ந்தேன்.

ஆறு முறை சந்தித்தோம். நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுவது, கண்ணை மூடி ரிங்கில் ஏறுவதை மனதில் ஓட்டிப் பார்ப்பது, "என்னால முடியாது" என்று தோன்றும்போது சொல்லிக்கொள்ள ஒரு வாக்கியம். பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழகாகச் செய்தாள்.

மே: என்னை ஏமாற்றிய வெற்றி

மே மாதம் பக்கத்து மாவட்டக் கூடம் ஒன்றோடு நட்புமுறை ஆட்டம் நடந்தது. வீடியோவில் பார்த்தேன். முதல் ரவுண்டிலேயே முன்னேறிப் போய் அடித்தாள். ஜெயித்தாள். மாஸ்டர் எனக்கு போன் செய்து நன்றி சொன்னார். பயிற்சி பலித்தது என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

அது தவறு. இரண்டு காரணங்களை நான் பார்க்கத் தவறினேன். ஒன்று, நட்புமுறை ஆட்டம் என்பதால் எடைப் பிரிவு பார்க்கவில்லை. அவள் தன் இயல்பான எடையிலேயே ஆடினாள். இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. அவளுடைய அப்பா வீட்டில் இருந்தார்.

ஜூலை: நேரில் பார்த்தது

ஜூலையில் வெளியூரில் போட்டி. ஞாயிற்றுக்கிழமை. முதல் முறையாக நானும் கூடப் போனேன்.

காலை ஏழு மணிக்கு எடை பார்த்தார்கள். அவள் 54 கிலோ பிரிவு. முள் 53.7 காட்டியது. ஒன்பது நாள் முன்பு கூடத்தில் அவள் எடை 57.8. உடம்பில் 7 சதவீதத்தை இறக்கியிருக்கிறாள். அதில் பெரும்பகுதி கடைசி இரண்டு நாளில், பிளாஸ்டிக் கோட்டு மாட்டி ஓடியும் தண்ணீரை நிறுத்தியும் போனது. உடல் எடையில் 2 சதவீத நீர் குறைந்தாலே ஓட்டத் திறன் குறையத் தொடங்கும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் நன்றாக நிலைபெற்ற செய்தி. 54-க்கு 53.7 ஏன் என்று கேட்டேன். "வினேஷ் அக்காவுக்கு நடந்த மாதிரி ஆயிடக் கூடாதுல்ல" என்றாள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ மல்யுத்த இறுதி ஆட்டத்தன்று வினேஷ் போகாட் 100 கிராம் கூடுதலால் தகுதி இழந்தபோது இந்தக் கூடத்துப் பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள். அதிலிருந்து இவர்கள் எடுத்துக்கொண்டது, இன்னும் 300 கிராம் சேர்த்துக் குறைப்பது.

எடை பார்த்தபின் தண்ணீரும் வாழைப்பழமும் கொடுத்தார்கள். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளின் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு 112. உதடு வெடித்திருந்தது. நெஞ்சுப் படபடப்பு, காய்ந்த வாய், கனத்த கால். பிப்ரவரியில் நான் "உடற்பதற்றம்" என்று எழுதிய மூன்றும், தண்ணீர் இல்லாத உடம்பும் காட்டுகிற அடையாளங்கள். தன் உடம்பு தாகத்தில் கதறுவதை அவள் பயம் என்று பெயரிட்டு வைத்திருந்தாள். அந்தப் பெயரை உறுதிசெய்து கொடுத்தவள் நான்.

இன்னொன்றும் பார்த்தேன். கையுறை மாட்டும் முன் கையில் பேண்டேஜ் சுற்றுவார்கள். அதைச் சுற்றியபின் விரலால் போன் திரையைத் தொட முடியாது. அவள் போனை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் வைத்து மூக்கு நுனியால் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தாள். அத்தை மகளுக்குத் திரும்பத் திரும்ப ஒரே செய்தி: "வந்துட்டாகளா?"

இந்தக் கரையில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், சனி, டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகும். மறுநாள் காலையில் கரை திரும்பும். சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலை வரும். ஞாயிறு காலையில்தான் போட்டி. இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்த செய்தியும் பெரும்பாலும் அந்த விடியலில்தான் ஊருக்கு வந்து சேரும்.

ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்றாள். வீடியோவை வைத்து எண்ணினேன். முதல் ரவுண்டில் 11 பஞ்ச். கூடத்துப் பயிற்சிச் சண்டையில் (ஸ்பாரிங்) அதே மூன்று நிமிடத்தில் 40-க்குக் குறையாது. வெளியே வந்தவளிடம் என்ன நடந்தது என்று மாஸ்டர் கேட்டதற்கு "தெரியல" என்றாள். முந்தைய மூன்று தோல்விக்கும் அதே பதில்தான் சொல்லியிருக்கிறாள்.

திரும்பி வரும்போது உச்சிப்புளி தாண்டியதும் பழைய போட்டித் தேதிகளைக் கேட்டேன். இரண்டு ஞாயிறு, ஒரு வியாழன். வியாழன் என்றால் புதன் போன படகு திரும்பும் நாள்.

அடுத்த வாரம், தயங்கித் தயங்கி, மாதவிடாய் பற்றிக் கேட்டேன். நான்கு மாதமாக வரவில்லை என்றாள். ஒரு பெண்ணான நானே இதைக் கேட்க ஐந்து மாதம் எடுத்துக்கொண்டேன் என்பதை மறைக்காமல் எழுதிவைக்கிறேன். உழைப்புக்கு ஏற்ற உணவு கிடைக்காத உடம்பில் மாதவிடாய் நின்றுபோவதும் எலும்பு வலுக் குறைவதும் மனநிலை சரிவதும் சேர்ந்து வரும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-லேயே இதற்குத் தனிப்பெயர் கொடுத்துப் பயிற்சியாளர்களை எச்சரித்திருக்கிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மூச்சுப் பயிற்சியை நிறுத்திவைத்து, முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். ரத்தசோகையும் இருந்தது. எடை குறைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். மாதவிடாய் விஷயத்தை மாஸ்டரிடம் சொல்ல அவள் சம்மதிக்கவில்லை. "டாக்டர் வேணாம்னுட்டாருன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னேன்.

மாஸ்டர் நல்லவர். காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறவர். ஆனால் இதை ஏற்க அவருக்குச் சிரமமாக இருந்தது. "நாங்கல்லாம் இப்படிக் குறைச்சு ஆடுனவங்கதான் மேடம்." 1997 கடைசியில் அமெரிக்காவில் சில வார இடைவெளியில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைக்கும்போதே இறந்துபோனதையும், அதன்பின் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் ரப்பர் உடையைத் தடைசெய்ததையும் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் கூடத்தில் கிடந்த பிளாஸ்டிக் கோட்டுகளை மூட்டை கட்டி வைத்துவிட்டார்.

57 கிலோவுக்கு மாறுவதில் ஒரு சிக்கல். கூடத்தில் அந்தப் பிரிவில் ஏற்கெனவே ஒரு சீனியர் இருக்கிறாள். இவளை 54-இல் நிறுத்தியதற்கே அதுதான் காரணம். கேட்டதற்கெல்லாம் சரி என்று சொல்கிறவள் இதற்கும் சரி என்றிருக்கிறாள். நான் மகிழ்ந்த அந்த 11 மதிப்பெண்ணுக்குள் இது இருந்தது. ஆகஸ்டில் இருவருக்கும் தேர்வு ஆட்டம் வைத்தார்கள். இவள் தோற்றாள். செப்டம்பர் போட்டிக்குப் போகவில்லை. அந்த ஒரு மாத இடைவெளி அவளுக்குக் கசந்தாலும் உடம்புக்கு நல்லதாயிற்று.

அடுத்தது படகுச் செய்தி. இதில்தான் அதிகம் குழம்பினோம்.

சமாளிக்கும் முறைகளை லாசரஸ், ஃபோக்மன் என்ற இரு உளவியலாளர்கள் 1984-இல் இரண்டாகப் பிரித்தார்கள். மாற்ற முடிந்த பிரச்சினையை நேரே கையாள்வது ஒன்று. மாற்ற முடியாததால் எழும் உணர்வைத் தாங்கப் பழகுவது மற்றொன்று. எடை முதல் வகை. அப்பாவின் தொழில் இரண்டாம் வகை. வீண் கவலை என்றால் அதைக் கேள்வி கேட்டுத் தளர்த்தலாம். இவளுடைய கவலை வீணானதல்ல. இதே கரையிலிருந்து போனவர்கள் பிடிபட்டு, படகு பறிபோய், யாழ்ப்பாணத்தில் சிறையிருந்து வந்திருக்கிறார்கள். "அப்படியெல்லாம் நடக்காது" என்று அவள் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது.

போனைப் பிடுங்கி வைத்துவிடலாம், எந்தச் செய்தியானாலும் ஆட்டம் முடிந்து சொல்லலாம் என்றார் மாஸ்டர். எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆனாலும் அவளிடம் கேட்டோம். ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்து சொன்னாள்:

"மறைப்பீகன்னு தெரிஞ்சிட்டா நான் எல்லார் மூஞ்சியையும் பாத்துக்கிட்டே இருப்பேன் அக்கா. எதிர்ல நிக்கிறவளப் பாக்க மாட்டேன்."

இதற்கு மேல் நான் சேர்க்க எதுவுமில்லை. அவள் சொன்னபடியே விதி வகுத்தோம். போன் அத்தை மகளிடம். பேண்டேஜ் கட்டும் முன் ஒரே ஒரு முறை, உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை செய்தி கிடையாது, நல்ல செய்தியும் கிடையாது. பிடிபட்டார்கள் என்று வந்தால் ஆடுவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்வாள். யாரும் வற்புறுத்தக் கூடாது. இதை ஒத்திகை பார்க்கலாமா என்று மாஸ்டர் கேட்டார். வேண்டாம் என்றேன். பெற்ற தகப்பன் பெயரில் பொய்ச் செய்தி சொல்லிப் பழக்குவது பயிற்சி ஆகாது.

மற்ற நெருக்கடிகளை ஒத்திகை பார்த்தோம். வேறு கூடத்திலிருந்து முகம் தெரியாத பிள்ளைகளை வரவழைத்து, ஸ்பீக்கரில் கூச்சலைப் போட்டு, ரெஃப்ரி உடையில் ஒருவரை நிறுத்தி ஆடவைத்தோம். முதல் அரை நிமிடத்துக்கு மட்டும் ஒரு திட்டம்: மணி அடித்தால், பட்டாலும் படாவிட்டாலும் மூன்று ஜாப் (முன் கையால் நேராக வீசும் குத்து), எதிராளி நெருங்கினால் இடப்பக்கம் ஓர் அடி நகர்வது. தைரியமாக இரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதைவிட, இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்ற கட்டளை உறைந்த கையை எளிதாக எழுப்புகிறது.

மூச்சுப் பயிற்சிக்கு ஆகஸ்டில் அவள் வீட்டுக்குப் போனபோது ஒரு வழி கிடைத்தது. மகளின் படபடப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் அம்மா சொன்னார்: "நெஞ்சு அடிக்கும்போது நாங்க கீழ போக மாட்டோம் டீச்சர். வல்லத்து ஓரத்தப் பிடிச்சுக்கிட்டு, அது அடங்குற வரைக்கும் மெல்ல ஊதிக்கிட்டுக் கெடப்போம். அவசரப்பட்டா மூச்சு சீக்கிரம் தீந்துரும்." மகளும் பள்ளி விடுமுறையில் கூடப் போய் அதைச் செய்தவள்தான். மூச்சை அடக்குவது எங்களுக்குத் தேவையில்லை, அது ஆபத்தும்கூட. அந்த மெல்ல ஊதுவதுதான் தேவை. ரவுண்டு இடைவெளியில் ஸ்டூலில் உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊதவேண்டும். முதல் 20 விநாடி மாஸ்டர் வாய் திறக்கக் கூடாது. பிறகு ஒரே ஒரு விஷயம் சொல்லலாம். மாஸ்டருக்குத்தான் இது கடினமாக இருந்தது. மூன்று வாரம் பழகினார்.

அக்டோபர்: விளைவு

சீனியருக்குக் கல்லூரித் தேர்வு என்பதால் அக்டோபர் போட்டிக்கு 57 கிலோவில் இவள் போனாள். எடை 56.6. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு எடை பார்க்கப் போனது அதுவே முதல் தடவை என்றாள். ஞாயிற்றுக்கிழமைதான். அப்பா கடலில்.

பேண்டேஜ் கட்டும் முன் அத்தை மகள் வந்து சொன்னாள்: "இன்னும் கரை வரல. வாடைக்காத்து ஜாஸ்தியாம். இன்னும் ரெண்டு மூணு படகும் வரலையாம்."

"வயர்லெஸ்ல பேசுனாகளா?"

"விடியக்காலம் பேசுனாக."

தலையாட்டிவிட்டு மாஸ்டரிடம் கையை நீட்டினாள். நாடி 84.

முதல் ரவுண்டை மூன்று நடுவர்கள் எதிராளிக்குக் கொடுத்தார்கள். ஆனால் இவள் போட்ட பஞ்ச் 38. இடைவெளியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். அடுத்த இரண்டு ரவுண்டும் அவளுடையவை. நான்குக்கு ஒன்று என்று ஜெயித்தாள். கீழே இறங்கியபின்தான், படகு வந்துவிட்டது என்று அத்தை மகள் சொன்னாள். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் அரையிறுதியில் ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்றாள். எதிராளி எல்லா வகையிலும் மேலானவள். இரண்டு தோல்வியின் எண்ணும் ஒன்றுதான் என்றாலும், என் வரையில் ஜூலைத் தோல்விக்கும் இதற்கும் பெரிய தூரம். என்ன நடந்தது என்று மாஸ்டர் கேட்டபோது இந்த முறை பதில் இருந்தது. "அவ ஜாப் போட்டா என் ரைட்டு லேட்டாகுது மாஸ்டர். கால் முன்னாடி போய் நின்னுருது."

அதன் பிறகு

மாதவிடாய் நவம்பரில் திரும்ப வந்தது. டிசம்பரில் அதே 28 கேள்விகளைக் கேட்டேன். நெருக்கடியில் ஆடுதல் 3-இலிருந்து 8 ஆகியிருந்தது. கவலையிலிருந்து விடுபட்டிருத்தல் 2-இலிருந்து 4. அது இன்னும் ஏறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவளுடைய கடல் அப்படி. பயிற்சியாளர் சொல்வதை ஏற்றல் 11-இலிருந்து 9 ஆகக் குறைந்தது. மாஸ்டரிடமே காட்டினேன். "எதிர்த்துப் பேசப் பழகிட்டா" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

ஜனவரியில் ஒரு மாதம் வரவில்லை. வீட்டில் பணமுடை, அம்மாவோடு பாசிக்குப் போனாள். பிறகு வந்துவிட்டாள்.

இனி மாற்றிச் செய்வது

எந்தக் கேள்விப் பட்டியலையும் எடுப்பதற்கு முன், கடைசிப் போட்டிக்கு எத்தனை கிலோ குறைத்தாய், எப்போது தண்ணீர் குடித்தாய், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்கிறேன். பையன்களிடம் முதல் இரண்டும். போட்டி நாளில் நேரில் பார்க்காமல் "பதற்றம்" என்ற சொல்லைக் குறிப்பேட்டில் எழுதுவதில்லை. தோற்ற தேதிகளையும் ஜெயித்த தேதிகளையும் காலண்டரில் குறித்து, அந்த நாளில் வீட்டில் என்ன நடந்தது என்று பக்கத்தில் எழுதச் சொல்கிறேன். இதையெல்லாம் பிப்ரவரியிலேயே செய்திருந்தால், தண்ணீரில்லாத உடம்போடு அவள் ஜூலையில் ரிங்கில் ஏறியிருக்க மாட்டாள். தலையில் அடி வாங்குகிற விளையாட்டில் அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று இப்போது நினைத்தாலும் மனம் பதைக்கிறது.

அவளுடைய ஒரு வேண்டுகோளை இன்னும் காத்துவருகிறேன். படகுச் செய்தி பற்றிய விதி அவள் அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் போட்டி நாளுக்கு முந்தைய இரவு தொழிலுக்குப் போகாமல் இருந்துவிடுவார், கூலி போய்விடும் என்கிறாள். சொல்லிவிடலாமே என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் வேண்டாம் என்றாள்.